வலது காலைத் தவிர அனைவரும் நலம்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
ஜூன் 19

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் கோதண்டராமன் வணங்கி எழுதுவது. இங்கே என் வலது காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும், என் அக்கா பச்சையம்மாளும், உங்கள் இடது காலும் நலமாக இருக்க அண்ணாமலையார் அருள் புரியட்டும். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. போன் போட்டால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். முப்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில்தான் நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் சும்மா இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதல் காரியமாக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மாசி மாதம் ஆற்காட்டில் உங்கள் பேரனுக்குக் காது குத்தியபோது, பந்தியில் என் மகள் கீர்த்தனாவுக்கு எதிரில் உட்கார்ந்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். நீங்கள் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறீர்கள். அன்றைக்கும் அதைச் சொல்லி முடித்துவிட்டு, “நர்ஸிங் முடிக்கப் போற புள்ள எதுக்கு ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கணும்? மிலிட்டரி நர்ஸா போவட்டும். எடுத்ததுமே லெப்டினன்ட். நானே எழுந்து நின்னு சல்யூட் அடிக்கணும்” என்றீர்கள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன். கீர்த்தனா மட்டும் சிரிக்கவில்லை. பாயசத்தில் கவனமாக இருந்ததால் அதை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அந்த ஒரு வார்த்தையால் என் வீட்டுக்குக் கிடைத்த நன்மைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மறுவாரமே அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து கிரிவலப் பாதையில் ஓட ஆரம்பித்தாள். நர்ஸ் வேலைக்கு எதற்கு ஓட்டம் என்று கேட்டதற்கு, “உடம்பு ஃபிட்டா இருக்கணும்னு மாமா சொன்னாருப்பா” என்றாள். வயதுப் பெண்ணைத் தனியாக ஓட விடலாமா என்று நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன், நாய்கள் இருக்கின்றனவே என்று கையில் ஒரு கம்பும் வைத்துக்கொண்டேன். இப்போது நீங்கள் அதை வழியில் நின்று பார்க்கிறவர்களாக இருந்து யோசித்துப் பாருங்கள். முன்னால் ஒரு பெண் தலைதெறிக்க ஓடுகிறாள், பின்னால் ஒரு கிழவன் கம்போடு வண்டியில் துரத்துகிறான். மூன்றாம் நாள் பூக்கட்டுகிற சரசு வண்டியை மறித்து நின்றுகொண்டு, “ஐயா, புள்ள கோச்சிக்கினு ஓடுதா? பேசிக் கூட்டினு போங்க, அடிக்காதீங்க” என்றாள். நாய்களும் அவளை விட்டுவிட்டு என்னைத்தான் துரத்தின. பதினோரு மாதத்துக்கு முன் அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று, இனி காலை எட்டு மணி வரை தூங்கலாம் என்று நினைத்திருந்தவனை ஐந்து மணிக்கு எழுப்பிய பெருமை உங்களைச் சேரும், அதற்கு முதல் நன்றி.

இரண்டாவது நன்மை கோப்பு சம்பந்தப்பட்டது. தேர்வு முடிந்து, முடிவு வந்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவும் ஆன பிறகு ஒருநாள் கீர்த்தனா என்னிடம் வந்து, “அப்பா, அந்த மிலிட்டரி நர்ஸ் விஷயமா யோசிச்சிட்டிருக்கேன். சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துக் குடுங்க. அப்ளை பண்ண இந்த மாசம் முப்பதாந்தேதி வரைக்கும்தான் டைம்” என்றாள். சான்றிதழ்கள் பீரோவில், பீரோ சாவி என் அரைஞாணில். மாமா, ஒரு காரியத்தை முடியாது என்று சொல்லாமலே முடியாமல் ஆக்குவது என்னுடைய தனித்திறமை. அதை எந்த அலுவலகமும் எனக்குக் கற்றுத் தரவில்லை, பிறவியிலேயே வந்தது. முகத்துக்கு நேரே பெண்ணைப் போகாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால், “வாயால கேட்டா ஆவாது, எழுதிக் குடு” என்றேன். அரை மணியில் பொருள், பார்வை எல்லாம் போட்டு ஒரு பக்க மனு வந்துவிட்டது. நான் அதைப் படிக்கவில்லை, படிப்பது எனக்கு வழக்கமும் இல்லை. பக்க எண் போட்டு, நூல் கோத்து, ஐந்து விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒரு விளக்கத்துக்கு ஒரு வாரம் என்றாலும் ஐந்து வாரத்தில் கடைசித் தேதி ஓடிவிடும் என்பது என் கணக்கு.

அன்று சாயங்காலமே ஐந்துக்கும் பதில் வந்தது. மனுதாரர் பல்லியைக் கண்டு அலறுவது குறித்து விளக்கம் கேட்டிருந்தேன். ‘அலறுவது மனுதாரரின் தாயார். பிடித்து வெளியே விடுபவர் மனுதாரர்’ என்று எழுதியிருந்தாள். துப்பாக்கிச் சத்தம் குறித்துக் கேட்டதற்கு, ‘தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருபவர் மனுதாரரின் தகப்பனார்’ என்று பதில். கல்யாணம் குறித்து, ‘பணியில் இருப்பவர்கள் மணம் செய்துகொள்ளத் தடையில்லை. மாப்பிள்ளை பார்ப்பதற்குக் கால அவகாசம் கேட்டு மனுதாரர் தனியே மனு செய்வார்’ என்று பதில். குளிர், தயிர் சாதம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு இணைப்பே வைத்திருந்தாள். இப்படிப்பட்ட ஒரு குமாஸ்தா என் கீழே ஒருநாள் இருந்திருந்தால் நான் ஓய்வூதியத்துக்கு வெகுமுன்பே ஓடிப்போயிருப்பேன். வேறு வழியில்லாமல் குறிப்புரை கேட்டுக் கோப்பை என் மனைவி அருணாதேவிக்கு அனுப்பினேன். அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ‘பரிந்துரைக்கப்படுகிறது. மாடித் தண்ணீர்த்தொட்டி கழுவும் கோப்பு இரண்டு மாதமாக நிலுவையில் உள்ளதும் நினைவூட்டப்படுகிறது’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். தொட்டியைக் கழுவினேன். அதற்கும் உங்களுக்கு நன்றி, தண்ணீர் இப்போது வாடை இல்லாமல் வருகிறது.

வீட்டில் மேற்கொண்டு யாரும் இல்லாத நிலையில் மேலிடத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். இந்த ஊரில் மேலிடம் யார் என்று உங்களுக்குத் தெரியும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வர ஆந்திராவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். உள்ளூர்க்காரன் நான் இந்த அறுபது வருடத்தில் முழுசாக ஒருமுறைகூட நடந்ததில்லை. கூட்டம் வருகிற நாளில் வண்டியை உள்ளே விட்டுக் கேட்டைப் பூட்டுவதுதான் நம் வழிபாடு. போன பௌர்ணமிக்குத் திதி மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஆரம்பம் என்று பேப்பரில் போட்டிருந்தான். எல்லாரும் வெயில் இறங்கித்தான் வருவார்கள், அதற்குள் நம் மனு முதல் ஆளாகப் பதிவாகிவிட வேண்டும் என்று, நூலகத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டேன். பாதையில் எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கம். எட்டு இடத்திலும் தனித்தனியாக, ‘என் பொண்ணு மிலிட்டரிக்குப் போகக் கூடாது’ என்று மனு கொடுப்பது திட்டம்.

இந்திர லிங்கத்தில் தெம்பாகக் கொடுத்தேன். அக்கினி லிங்கத்துக்கு வரும்போது அந்தப் பெயரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது, தார் அப்படிக் கொதித்தது. ரமணாசிரமத்துக்கிட்டே ஒரு வெள்ளைக்கார அம்மா நான் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துக் கைகூப்பித் தரையில் விழுந்து கும்பிட்டாள். நானும் ஆசீர்வாதம் செய்தேன், வேறென்ன செய்ய முடியும். எம லிங்கத்தில் மட்டும் மனுவோடு கூடுதலாக ஒரு வேண்டுகோளும் வைத்தேன், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நிருதி லிங்கம் தாண்டி, வருண லிங்கத்திலும் கொடுத்துவிட்டு வரும்போது ஒரு அதிசயம் நடந்தது. வலது காலில் சூடே தெரியவில்லை. இடது கால் மட்டும் வெந்தது. சாமி பாதி அருள் பாலித்துவிட்டார், மிச்ச மூன்று லிங்கத்திலும் மனு கொடுத்து முடித்தால் மீதிப் பாதியும் கிடைக்கும் என்று நினைத்து வேகமாக நடந்தேன்.

அடி அண்ணாமலையில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற மணியம்மாள்தான் என்னைப் பிடித்து நிறுத்தினாள். “ஐயா, நீ நடந்து வந்த தடமெல்லாம் ரத்தமா கீது, பாக்கலயா?” திரும்பிப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான். அவளே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த முதலுதவிப் பந்தலில் உட்கார வைத்தாள். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? கல்லூரித் தோழிகளோடு முகாமுக்குப் போகிறேன் என்று காலையில் அவள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம். நான்தான் காதில் வாங்கவில்லை.

கீர்த்தனா என்னைப் பார்த்தாள். பதறவில்லை, ஓடி வரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“பேரு?”

“உனக்குத் தெரியாதா?”

“எழுதணும். பேரு சொல்லுங்க.”

சொன்னேன். வயதும் சொன்னேன்.

“சுகர் இருக்கா?”

“லேசா.”

“மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

மாமா, என் சர்க்கரை அலுவலக டென்ஷனால் வந்தது, அலுவலகம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஓய்வு பெற்ற அன்றே மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

“நிலுவையில இருக்கு” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்காலெல்லாம் கொப்புளம். குதிகாலில் ஒரு கண்ணாடித் துண்டு, அரை விரல் நீளம் இருக்கும், உள்ளேயே இறங்கியிருந்தது. எங்கே மிதித்தேன் என்றே எனக்குத் தெரியாது. இடுக்கியால் அதை உருவினாள்.

“வலிக்குதாப்பா?”

வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சேச்சே, கொஞ்சம்கூட இல்ல” என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. “வலிக்கலன்னாதான்ப்பா பயம்” என்றாள். “உணர்ச்சியே போயிருக்கு. மாமா கதையில வருமே, அதே மாதிரி.”

“மாமா கதையில அப்படி எங்க வருது?”

“கடைசில. அதுக்குள்ள நீங்க கை கழுவப் போயிடுவீங்க.”

உண்மை மாமா. ஒவ்வொரு விசேஷத்திலும், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில், பனியில் உங்கள் இடது கால் விறைத்துப்போன கதையை ஆரம்பிப்பீர்கள். ‘நர்ஸம்மா வலிக்குதான்னு கேட்டாங்க, நான் இல்லன்னேன்’ என்ற இடத்துக்கு வந்ததும், ஆரம்பித்துவிட்டார் தற்பெருமை என்று இலையை மூடிவிட்டு எழுந்து போய்விடுவேன். முப்பது வருடத்தில் அதற்கு மேல் ஒரு வரி கேட்டதில்லை. அந்த நர்ஸ் உடனே பயந்துபோய், தூக்கத்தையும் விட்டுவிட்டு மூன்று வாரம் பக்கத்திலேயே இருந்து, வெட்டி எடுக்க வேண்டியிருந்த காலைத் திருப்பித் தந்தார் என்பதை என் மகள் என் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

“இப்படியே ரெண்டு நாள் விட்டிருந்தா...” என்றாள். கட்டை முடிச்சுப் போட்டு, என்னை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “அடுத்தவங்க வாங்க” என்றாள். இரண்டு பேரைப் பார்த்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போனாள். துணியில் ஒரு கிழிசல் இருந்தது, அதன் வழியாகப் பார்த்தேன். தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று கோட்டுக் கையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவினாள், கை கழுவினாள், உள்ளே வந்தாள், ஒரு வயதான அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, “எங்க வலிக்குது, சொல்லுங்கம்மா” என்று என்னிடம் கேட்ட அதே குரலில் கேட்டாள். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. வலியால் அழுகிறேன் என்று நினைத்து மணியம்மாள் ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கையில் கொடுத்தாள்.

அன்றிலிருந்து நான் ஒரே விஷயத்தைத்தான் யோசிக்கிறேன். உங்களைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணுக்கும் எங்கேயோ ஓர் அப்பன் இருந்திருப்பான். அவனும் பீரோ சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, என்ன சொல்லித் தடுக்கலாம் என்று உட்கார்ந்திருப்பான். கடைசியில் சாவியைக் கொடுத்திருக்கிறான். அவன் கொடுத்ததால்தான் நீங்கள் இரண்டு காலோடு ஊர் திரும்பி வந்து என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள். பெயர் தெரியாத அந்த மனிதனுக்கு நான் என்ன கைமாறு செய்வது? அவன் செய்ததை நானும் செய்வதுதான்.

ஆனால் அதற்குள் ஐந்து இடத்தில் மனு கொடுத்தாயிற்றே. மனு கொடுத்தவனே நேரில் ஆஜராகி வாபஸ் வாங்க வேண்டும் என்பது பொது விதி. நேற்றுக் கட்டுக்காலோடு கோபியின் ஆட்டோவில் கிளம்பினேன். கொடுத்தது வருண லிங்கத்தில் கடைசி, அதனால் அங்கிருந்து பின்னோக்கி வரலாம் என்றதற்கு, “சார், மலையை எதிர்ப்பக்கமா சுத்த நம்ம வண்டி வராது. உங்க பாவத்துல எனக்குப் பங்கு வேணாம்” என்றான். எனவே முறையாக இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து, ஐந்து இடத்திலும், ‘முன்பு கொடுத்த மனு தவறுதலாகக் கொடுக்கப்பட்டது, தயவுசெய்து நடவடிக்கை எடுக்க வேண்டாம்’ என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினேன். மிச்ச மூன்று லிங்கத்தில் அவள் போக வேண்டும் என்று புதிதாக மனு கொடுத்தேன். எம லிங்கத்தில் வைத்த கூடுதல் வேண்டுகோள் உங்களைப் பற்றியது. அதையும் வாபஸ் வாங்கிவிட்டேன், நீங்கள் பயப்படாமல் இருக்கலாம்.

கோப்பில் ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று இன்று எழுதிவிட்டேன். பணிக்காலம் முழுக்க எனக்குப் பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி வரவில்லை. காலையில் ஒரு பச்சைப் பேனா வாங்கி வரச் சொல்லி, ஆசை தீரப் போட்டேன். மாமா, இந்த நான்கு மாதமும் உங்களை மனதுக்குள் எவ்வளவு திட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். அத்தனையும் தவறு. பந்தியில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் என் மகள் யாரென்று எனக்குத் தெரிந்தது, என் காலும் தப்பியது. இந்த நன்றியில் கேலி ஏதும் இல்லை. நீங்கள் இங்கே வந்து சிரமப்பட வேண்டாம், எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது. வெள்ளை எழுத்தில் உங்கள் பெயரும் நம்பரும் போட்ட அந்தக் கறுப்பு ராணுவ டிரங்குப் பெட்டியை மட்டும் பார்சலில் அனுப்பி வையுங்கள், பெயரை மாற்றி எழுதிக்கொள்கிறோம்.

பச்சையம்மாள் அக்காவுக்கு என் வணக்கம். காது குத்திய பேரனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. அருணா எல்லாரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள், தொட்டி கழுவியாயிற்று என்பதையும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மீது மிகுந்த நன்றியுள்ள
கோதண்டராமன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்பி இருந்துவிட வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் கீர்த்தனா கட்டு மாற்ற வந்தாள். கோப்பையும் பீரோ சாவியையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். பச்சைக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தாம்பாளத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். “நான் போறேன்னு எங்கப்பா எழுதியிருக்கேன்? முதல்ல பொருளைப் படிங்க.” முதல்முறையாகப் படித்தேன். ‘ராணுவச் செவிலியர் பணிக்குச் செல்வது பற்றி யோசிப்பது – சான்றிதழ்களைப் பார்வையிடக் கோருதல்’ என்றுதான் இருக்கிறது. “யோசிச்சேன். ஆசையாதான் இருந்துச்சு. இப்ப வேணாம்ப்பா. மாத்திரையையே மறைக்கிற ஆளு நீங்க. நான் போயிட்டா உங்க காலை யாரு பாக்கறது?” என்கிறாள். நான் ஐந்து லிங்கத்தில் கேட்டதை, வாபஸ் மனு போய்ச் சேருவதற்குள் அண்ணாமலையார் சாங்ஷன் செய்துவிட்டார். தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், மாத்திரைக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறேன், அதைக் காட்டினேன். பார்த்துச் சிரித்துவிட்டுக் கட்டை மாற்ற உட்கார்ந்துவிட்டாள். என் பேச்சு இனி எடுபடாது. முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. எனவே பெட்டியைப் பார்சலில் அனுப்பாமல் நீங்களே எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும். அருணாவிடம் பாயசம் வைக்கச் சொல்கிறேன். அந்தக் கால் கதையை அவளுக்கு முதலிலிருந்து சொல்லுங்கள், அந்த நர்ஸுக்கும் வீட்டில் ஓர் அப்பன் இருந்திருப்பான் என்பதை நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை நான் கை கழுவ எழுந்து போக மாட்டேன். கட்டுப் பிரிக்கும்வரை எழுந்து போகவும் முடியாது.